ஐரேசிங் விமர்சனம்: ஐரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம்?

ஆன்லைன் ரேசிங் கேம்களில் "நான் எந்த லெவல்?" என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லும் பழைய சேவைகளில் ஐரேசிங் ஒன்று. 2008-இல் சந்தா முறையில் தொடங்கியது, இன்றும் சந்தாதான். லேசர் ஸ்கேன் செய்த டிராக், டயர் மாடல், ஃபோர்ஸ் ஃபீட்பேக் பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. ஓட்டுபவரின் தரத்தை இந்தச் சேவை எவ்வளவு சரியாக அளக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐரேட்டிங் என்ற அந்த ஒற்றை எண், யாரை யாரோடு ஓடவிடலாம் என்று பிரிக்க நன்றாக உதவுகிறது. தன்னைத்தானே எடைபோட நினைப்பவருக்கு அது அரைகுறை. ஆனால் ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் இதே சேவை தரும் லேப் விவரம், கிரிட் (தொடக்க) வரிசை, இன்சிடென்ட் (மோதல், டிராக்கை விட்டு விலகல் போன்ற தவறு) கணக்கு ஆகியவற்றை எடுத்து உட்கார்ந்தால், வேறு எந்த கேமிலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். கொடுக்கும் காசு அதற்குத்தான் தகும்.

ஐரேட்டிங் எப்படி நகர்கிறது என்று தெரியாமல் அதைப் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை. புதியவர் 1350-இல் தொடங்குகிறார். ரூக்கி என்ற ஆரம்ப நிலை லைசன்ஸைத் தாண்டும்வரை அந்த எண் கண்ணில் படாது. செஸ் விளையாட்டின் ஈலோ முறையைப் போலவே இதுவும் ஓர் எதிர்பார்ப்புக் கணக்கு: உங்களைவிட உயர்ந்த எண் உள்ளவரை முந்தி முடித்தால் அவரிடமிருந்து புள்ளி உங்களுக்கு வரும், தாழ்ந்த எண் உள்ளவரிடம் தோற்றால் போகும். ஆனால் செஸ்ஸில் 500 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 95 புள்ளி எடுப்பார் என்று கணக்கு சொல்லும். ஐரேசிங்கில், பயனர்கள் ரேஸ் முடிவுகளை வைத்துப் பிரித்தெடுத்துப் பல வருடமாகப் புழங்கும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 2000 ஆள் 1500 ஆளை முந்தி முடிக்க வாய்ப்பு சுமார் 60 சதவீதம்தான். 3000 ஆளே 1500 ஆளிடம் நாலுக்கு ஒரு முறை தோற்பார். அடுத்தவர் மோதலாம், முதல் வளைவில் நாலு பேர் குவியலாம், டயர் சூடாகும் முன்பே நீங்கள் சுழலலாம். அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

அதே சூத்திரப்படி, 20 கார் ஓடும் ரேஸில் ஒவ்வோர் இடத்துக்கும் ஏறத்தாழ 10 புள்ளி. எட்டாவதாக வரவேண்டியவர் முதல் வளைவில் இடிபட்டு 18-ஆவதாக முடித்தால் ஒரே இரவில் 100 போய்விடும். இப்படி இரண்டு ரேஸ் அடுத்தடுத்து வாய்த்தால் 1800 ஆள் 1600 ஆகிவிடுவார். அவர் ஓட்டும் திறமை அந்த ஒரு மணி நேரத்தில் துளியும் மாறியிருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் "என் லெவல் இறங்கிவிட்டது" என்று செட்டப்பை (காரின் அமைப்பை) மாற்றுவதும், பெடலைக் கழற்றி மாட்டுவதும்தான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் வீண் வேலை.

எண் மேலே போவதற்கும் திறமை காரணமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. கீழ் ஸ்பிளிட்களில் (ஒரே ரேஸுக்குப் பதிந்தவர்களை ஐரேட்டிங்படி பிரித்த குழுக்கள்தான் ஸ்பிளிட்) டிராக் ஓரத்துப் பிட் லேனிலிருந்து கடைசியாகக் கிளம்பி, முன்னால் நடக்கும் குவியலைச் சுற்றிக்கொண்டு பாதி கார்களைத் தாண்டி முடிப்பது பழைய தந்திரம். எண் நிச்சயமாக ஏறும். பிறகு நடு ஸ்பிளிட்டுக்குப் போனதும் பக்கவாட்டில் கார் வைத்து வளைவெடுக்கத் தெரியாமல் திணறுவார்கள். இன்னொரு வகையினர் நல்ல எண் வந்ததும் ஓடுவதையே நிறுத்திவிடுவார்கள். அந்த எண் அவர்களைப் பற்றி இன்று எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு குறை, ஐரேட்டிங் காருக்குக் கார் வேறுபடாது. முன்பு ரோடு என்று ஒரே லைசன்ஸ் இருந்தது. 2024-இல் அதை ஸ்போர்ட்ஸ் கார், ஃபார்முலா கார் என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஓவல், டர்ட் ஓவல், டர்ட் ரோடு ஆகியவற்றோடு சேர்த்து இப்போது ஐந்து பிரிவுகள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் சக்தி குறைந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, பந்தயத்துக்கு மாற்றிய சூப்பர் கார்களான ஜிடி3, லெ மான் வகைப் பந்தயக் கார்களான எல்எம்பி எல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. மாஸ்டாவில் 2500 சம்பாதித்தவர் முதல் முறை ஜிடி3-இல் ஏறினால், ஏபிஎஸ்ஸை நம்பி எவ்வளவு தாமதமாக பிரேக் அடிக்கலாம் என்று தெரியாமலே 2500 ஆட்கள் நடுவில் போய் நிற்பார். ஆகவே எண்ணைச் சொல்லும்போது எந்தக் காரில், எந்த சீசனில் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சரி, எதைப் பார்த்து அளப்பது? பலர் கவனிக்காத ஓர் அளவுகோல் காரின் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அதிகாரபூர்வ ரேஸ்களில் கார் எண் ஸ்பிளிட்டுக்குள் ஐரேட்டிங் வரிசைப்படி தரப்படுகிறது. மிக உயர்ந்த எண் உள்ளவருக்கு 1, அடுத்தவருக்கு 2. உங்கள் காரில் 9 என்று இருந்தால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் சுமார் ஒன்பதாவதாக வருவீர்கள் என்று சேவை எதிர்பார்க்கிறது. (பல வகை கார்கள் சேர்ந்தோடும் ரேஸில் இதை உங்கள் வகைக்குள் மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.) ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ ரேஸுக்கு ஒரு வரி: கார் எண், குவாலிஃபையிங் (தொடக்க இடத்தைத் தீர்மானிக்கும் ஓட்டம்) இடம், முடித்த இடம். பக்கத்தில் இன்சிடென்ட் புள்ளி. இவ்வளவுதான்.

இந்த மூன்று எண்களை ஒப்பிட்டால் ஐரேட்டிங் மறைத்துவைக்கும் விஷயம் வெளியே வந்துவிடும். கார் எண் 9, குவாலிஃபையிங்கில் 5, முடித்தது 12 என்ற மாதிரி வரிகள் தொடர்ந்து வந்தால், வேகம் உங்கள் எண்ணைவிட மேலே இருக்கிறது, கூட்டத்தில் ஓட்டும் பக்குவம் கீழே இருக்கிறது. 9, 14, 8 என்று வந்தால் நீங்கள் பிழைத்துக்கொள்ளத் தெரிந்தவர், வேகம் போதவில்லை. இரண்டு பேருக்கும் ஐரேட்டிங் 1800 என்றே இருக்கலாம். முதல் ஆள் செய்யவேண்டிய பயிற்சியும் இரண்டாம் ஆள் செய்யவேண்டிய பயிற்சியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. பல சின்ன ரேஸ் தொடர்களில் குவாலிஃபையிங் இரண்டே லேப் என்பதால், குவாலிஃபையிங் இடம் குளிர்ந்த டயரில் உடனே வேகம் எடுக்கும் திறமையையும் சேர்த்தே காட்டும். அதையும் மனதில் வைக்கவேண்டும்.

எத்தனை ரேஸ் எழுதவேண்டும்? 20 கார் ரேஸில் ஐந்து இடம் மேலே கீழே போவது சாதாரணம். 25 ரேஸின் சராசரி எடுத்தால் அந்த ஆட்டம் வர்க்கமூல விதிப்படி ஐந்தில் ஒரு பங்காக, அதாவது சுமார் ஓர் இடமாகச் சுருங்கும். 25-க்குக் குறைவான வரிகளை வைத்துக்கொண்டு தன்னைப் பற்றி எந்த முடிவுக்கும் வரவேண்டாம். ஒரு சீசன் 12 வாரம், வாரம் ஒரு டிராக். வாரத்துக்கு இரண்டு ரேஸ் ஓடினால் ஒரு சீசனில் கணக்கு ஏறக்குறைய சேர்ந்துவிடும். ஒரே தொடரில், முடிந்தால் எல்லோருக்கும் ஒரே அமைப்புள்ள ஃபிக்ஸ்டு செட்டப் தொடரில் ஓடுங்கள். ஓபன் செட்டப் தொடரில் அடுத்தவர் காசு கொடுத்து வாங்கிய செட்டப்போடு உங்கள் கையை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து லேப் நேரம். ரேஸ் முடிவுப் பக்கத்தில் ஒவ்வோர் ஓட்டுநரின் ஒவ்வொரு லேப்பும் திறக்கும். எந்த லேப்பில் டிராக்கை விட்டு வெளியே போனார், எங்கே இடித்தார் என்ற குறிப்பும் இருக்கும். அங்கே காட்டும் 'சராசரி லேப்' நெடுவரிசையை மட்டும் நம்பக்கூடாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் லேப், பிட் லேப், சுழன்று நின்ற லேப் எல்லாம் அதில் கலந்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள்.

100 வினாடி லேப் உள்ள டிராக்கில் 12 லேப் ரேஸ் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வேகமான லேப் 100.2, நடு எண் 101.6. வென்றவருக்கு 99.8, 100.3. வேகமான லேப்பை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 0.4 வினாடி, "கிட்டே வந்துவிட்டோம்" என்று தோன்றும். நடு எண்ணில் வித்தியாசம் 1.3 வினாடி. 12 லேப்புக்கு 15 வினாடிக்கு மேல். அந்த 1.3-இல் 0.9 சீராக ஓட்டாததால் போனது, 0.4 மட்டுமே உண்மையான வேகக் குறைவு. இந்த ஆளுக்குப் புதிய பிரேக்கிங் பாயின்ட் தேடும் வேலை இப்போது வேண்டாம். தெரிந்த பாயின்டில் பன்னிரண்டு முறையும் பிரேக் அடித்தால் 10 வினாடி திரும்பக் கிடைக்கும்.

எங்கள் அளவுகோல் இது: சொந்த வேகமான லேப்புக்கும் நடு எண்ணுக்கும் இடைவெளி 1 சதவீதத்துக்கு மேல் என்றால் சீர்மைதான் முதல் பிரச்சினை. 0.5 சதவீதத்துக்குள் என்றால் உங்கள் கையில் இருக்கும் வேகம் முழுவதையும் ஏற்கனவே பிழிந்துவிட்டீர்கள். இனி ஓட்டும் முறையே மாறவேண்டும். இந்த இடைவெளி மிகமிகக் குறைவாக இருப்பதைப் பெருமையாக நினைக்கவும் வேண்டாம். எல்லா வளைவிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து ஓட்டுபவருக்கும் அப்படித்தான் வரும்.

இந்த ஒப்பீட்டை ஒரே ரேஸுக்குள் மட்டும் செய்யுங்கள். யூடியூபில் யாரோ போட்ட ஹாட்லேப்போடு (தனியாக ஓடி எடுத்த ஒற்றை வேக லேப்) உங்கள் ரேஸ் லேப்பை ஒப்பிடுவது பொருந்தாது. டிராக் வெப்பநிலை வேறு, தரையில் ரப்பர் படிந்த அளவு வேறு, டேங்கில் எரிபொருள் எடை வேறு. 2024-இல் மழை வந்த பிறகு ஒரே வாரத்தின் இரண்டு ரேஸ்களே ஒன்றுபோல் இல்லாமல் போகலாம். நேர்ப்பாதை நீளமான டிராக்கில் முன்னால் போகும் காரின் காற்று நிழலில் எடுத்த லேப்பை உங்கள் சொந்த வேகம் என்று எழுதிவிடாதீர்கள்.

எவ்வளவு சுத்தமாக ஓட்டுகிறீர்கள் என்று அளக்கும் சேஃப்டி ரேட்டிங்குக்கு வருவோம். ஐரேட்டிங்கைவிட இதன் மேல்தான் திட்டு அதிகம் விழுகிறது. ஆனால் தன்னை அளக்க இதுவே அதிகம் உதவும் என்பது எங்கள் கருத்து. நாலு சக்கரமும் டிராக்கை விட்டுப் போனால் இன்சிடென்ட் புள்ளி 1, கட்டுப்பாடு இழந்தாலோ சுவரில் இடித்தாலோ 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. லேசான உரசல் 0. ஒரே சம்பவத்தில் அடுத்தடுத்து நடந்தால் பெரியது மட்டும் கணக்கில் வரும். யார் தப்பு என்று சேவை பார்ப்பதில்லை, இருவருக்கும் 4 விழும். பல தொடர்களில் 17 ஆனால் வெளியேற்றம்.

கணக்கு ஒரு புள்ளிக்கு எத்தனை வளைவு என்ற அடிப்படையில் போகிறது. ஏழு வளைவுள்ள லைம் ராக் டிராக்கில் 15 லேப் ஓடி 4 புள்ளி வாங்கினால் 105 வளைவுக்கு 4, அதாவது 26 வளைவுக்கு ஒன்று. அதே 4 புள்ளியை ஜெர்மனியின் மிக நீளமான நூர்புர்கிரிங் நார்ட்ஷ்லைஃபே டிராக்கில் வாங்கினால் வளைவு எண்ணிக்கை அதிகம் என்பதால் அடி மெதுவாகவே விழும். அங்கே நடக்கும் ரிங் மைஸ்டர் தொடரில் நிதானமாக ஓடி சேஃப்டி ரேட்டிங் ஏற்றுபவர்கள் இருப்பது இதனால்தான். லைசன்ஸ் ரூக்கி, டி, சி, பி, ஏ என்று உயர உயர அதே சுத்தத்துக்குக் கிடைக்கும் எண் குறையும். 4.00 தாண்டினால் சீசன் முடியக் காத்திராமல் அடுத்த லைசன்ஸ், 1.00-க்குக் கீழே போனால் உடனே இறக்கம். முழு எண்ணைத் தாண்டும்போது 0.40 தள்ளிவிடும் என்பதால், 2.98-இலிருந்து ஒரே ரேஸில் 3.40 பக்கம் போவதைப் பார்த்து ஆச்சரியப்படவேண்டாம்.

ஆக, அந்த எண்ணைவிட அது எவற்றால் ஆனது என்பதுதான் தகவல். 25 ரேஸின் புள்ளிகளை 1, 2, 4 என்று பிரித்து எழுதுங்கள். 1 நிறைய என்றால் வளைவிலிருந்து வெளியேறும்போது அகலமாகப் போகிறீர்கள், பெரும்பாலும் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) சீக்கிரம் மிதிப்பதால். 2 நிறைய என்றால் பிரேக்கை விடும் விதத்தில் கோளாறு. 4 நிறைய என்றால் மற்றவர்களைக் கணிக்கத் தெரியவில்லை. "எல்லாம் அவன் இடித்தது" என்று தோன்றினால் ரீப்ளேயில் மோதலுக்கு மூன்று வினாடி முன்னால் போய் அவருடைய காக்பிட் கேமராவில் பாருங்கள். உங்கள் கார் அவர் கண்ணில் படாத இடத்தில் இருந்ததா, அவர் ஏற்கனவே வளைவுக்குத் திரும்பத் தொடங்கிய பிறகு நீங்கள் மூக்கை நுழைத்தீர்களா என்று தெரிந்துவிடும். சர்வர் தொலைவில் இருந்து பிங் (தகவல் போய்வரும் தாமதம்) எகிறினால் தொடாமலே மோதல் பதிவாவதும் உண்டு. ஆனால் 25 ரேஸிலும் அதே காரணம் இருக்காது.

வேகக் குறைவு எங்கே என்று வளைவு வளைவாகப் பார்க்க ஐரேசிங்குக்குள்ளேயே கிடைப்பது போதாது. கராஜ் 61 என்ற தனிச் சேவை அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதன் சிறு செயலியை நிறுவி ஐரேசிங் கணக்கோடு இணைத்துவிட்டால் லேப்புகள் தானாக அதில் பதிவேறும். அடிப்படைப் பயன்பாட்டுக்குக் காசில்லை. அதில் உலகிலேயே வேகமான ஆளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுவது வழக்கமான தவறு. 10,000 ஐரேட்டிங் ஆள் காரைச் சறுக்கவிட்டே வளைவுக்குள் எடுத்துப்போகும் பாதையை 1500 ஆள் பின்பற்ற முயன்றால் சுவரில்தான் முடியும். உங்களைவிட 300 முதல் 500 வரை கூடுதலான ஆளை எடுங்கள்.

அப்படி எடுத்துவைத்த இருவரின் வரைபடக் கோடுகளில் (பிரேக், த்ராட்டில் மிதித்த அளவைக் காட்டுபவை) பெரும்பாலும் காண்பது இதுதான்: இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் பிரேக் மிதிக்கிறார்கள். மேலே இருப்பவரின் பிரேக் கோடு உச்சத்துக்கு உடனே ஏறி, வளைவின் உள்முனை வரை சரிவாக இறங்குகிறது. கீழே இருப்பவரின் கோடு மெதுவாக ஏறி, அதிக நேரம் நின்று, சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது. விழுந்த அந்த நொடியில் முன் சக்கரத்தின் மேலிருந்த எடை போய்விடுகிறது, கார் திரும்ப மறுக்கிறது, அவர் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புகிறார். குறைந்தபட்ச வேகம் மணிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் குறைந்திருக்கும். அதை ஈடுகட்ட த்ராட்டிலைச் சீக்கிரம் மிதிப்பார், கார் அகலமாகப் போகும், மிதித்ததை மறுபடி விடுவார். த்ராட்டில் கோட்டில் ஒட்டகத் திமில் போல ஒரு மேடு, பள்ளம், மறுபடி மேடு. அந்தத் திமில் எத்தனை வளைவில் இருக்கிறது என்று எண்ணினாலே உங்கள் ஓட்டத்தின் தரம் பாதி தெரிந்துவிடும்.

மற்ற சேவைகள் பற்றிச் சுருக்கமாக. கன்சோல் கேமான கிரான் டூரிஸ்மோ 7-இன் டிரைவர் ரேட்டிங் எழுத்தில் வருவதால் பார்க்க எளிது, ஆனால் ஒரே எழுத்துக்குள் கிடக்கும் வித்தியாசம் பெரிது. அதில் நாங்கள் பரிந்துரைப்பது ரேட்டிங்கை அல்ல, ஆன்லைன் டைம் டிரையலை. முதலிடத்தில் இருப்பவரின் நேரத்திலிருந்து 3 சதவீதத்துக்குள் வந்தால் தங்கம், 5-க்குள் வெள்ளி, 10-க்குள் வெண்கலம். தனி வேகத்துக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கன்சோலில் இல்லை. முன்னணி ஆளின் கோஸ்ட்டோடு (அவர் ஓட்டத்தைக் காட்டும் நிழல் கார்) ஓடவும் முடியும். கூட்டத்தில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று மட்டும் அது சொல்லாது. ஜிடி கார் ரேஸ் கேமான அசெட்டோ கோர்சா கோம்பெடிசியோனே, சீர்மை, கார் கட்டுப்பாடு, வேகம் என்று தனித்தனி மதிப்பெண் தருகிறது. யோசனை அருமை, ஆனால் தனி ஓட்டத்தில் ஏறிய மதிப்பெண் ரேஸுக்குள் காப்பாற்றாது. அந்த கேம் கையில் இருப்பவர்கள் லோ ஃபியூவல் மோட்டார்ஸ்போர்ட் தளத்தில் பதிந்து ஓடினால் ஈலோ முறையிலான ரேட்டிங்கும் கட்டுப்பாடான ரேஸ்களும் கிடைக்கும்.

செலவு? ஐரேசிங் ஆண்டுச் சந்தா சுமார் 110 டாலர். புதியவர்களுக்கு அடிக்கடி தள்ளுபடி உண்டு. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு காரும் சுமார் 12 டாலர், டிராக் 12 முதல் 15 வரை. இங்கேதான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். தன் தரத்தைத் தெரிந்துகொள்வது மட்டும் நோக்கம் என்றால் ஒரு டிராக்கும் வாங்கவேண்டியதில்லை. அடிப்படைச் சந்தாவிலேயே மாஸ்டா எம்எக்ஸ்-5-உம் லைம் ராக், லகூனா சேகா, ஒகயாமா, சம்மிட் பாயின்ட் போன்ற டிராக்குகளும் வந்துவிடும். மாஸ்டாவில் ஏபிஎஸ் கிடையாது, சக்தி குறைவு, தப்பை மறைக்க எதுவும் இல்லை. 25 ரேஸ் அதில் ஓடி ஷீட்டை நிரப்பிய பிறகு ஜிடி3-க்கும் ஸ்பா டிராக்குக்கும் காசு கொடுக்கலாமா என்று முடிவெடுங்கள். மாதச் சந்தாவில் சேர்ந்தால் தானாகப் புதுப்பிக்கும் அமைப்பைக் கணக்குப் பக்கத்தில் முதல் நாளே அணைத்துவிடுவது நல்லது.